கலத்தை அழைக்கும் விளக்கு

மதுரைக்காரிக்குக் கடல் ஏது? வைகையில் கரை தொட்டுத் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் நாங்கள். ஆனாலும் கலங்கரை விளக்கம் என்றால் எனக்கு எட்டு வயதிலிருந்தே தெரியும்.

காரணம், அம்மா. வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்திருந்த 'பொன்னியின் செல்வ'னை, ராத்திரி அடுப்படியை ஒழித்துவிட்டு வந்து எனக்கும் தம்பிக்கும் வாசித்துக் காட்டுவாள். கோடிக்கரையில் விளக்கைப் பார்த்துக்கொள்ளும் தியாகவிடங்கரின் மகள் பூங்குழலி வந்துவிட்டால் போதும், அம்மாவின் குரலே மாறிவிடும். "ஒரு தரமாவது அந்த விளக்கைப் போய்ப் பார்த்துடணும்" என்பாள். "போகலாம், போகலாம்" என்பார் அப்பா. எங்கள் படிப்பு, என் கல்யாணம், தம்பியின் வேலை என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. கோடிக்கரை மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா அடிக்கடி நிலைப்படியில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவாள். "பார்த்து வரக்கூடாதாம்மா?" என்று நானே எரிந்து விழுந்திருக்கிறேன். வயசானால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் கண் டாக்டரிடம் அழைத்துப் போனபோது, கண் அழுத்த நோய் என்றார். வலியே இருக்காதாம். பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகுமாம். போனது போனதுதான். சொட்டு மருந்தை விடாமல் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

"குழாய் வழியாப் பார்க்கிற மாதிரி இருக்குடி" என்றாள் அம்மா. அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அவளே கேட்டாள்: "மிச்சப் பார்வை இருக்கையிலேயே கோடிக்கரைக்குக் கூட்டிட்டுப் போங்களேன்."

தை அமாவாசைக்குக் கோடிக்கரைக் கடலில் நீராடி முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பது வழக்கம். தம்பி அப்பாவுக்குக் கொடுக்க வேண்டும். முதல் நாள் காலையிலேயே காரில் கிளம்பினோம். காரைக்குடி, பட்டுக்கோட்டை தாண்டி, கடலோரத்தில் மல்லிப்பட்டினம் பக்கம் மனோராவைப் பார்த்தோம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டடுக்குக் கோபுரம் அது. கலங்கரை விளக்கமாகவும் உதவியதாம். 2004 சுனாமியில் அதுவும் அடிபட்டதுதான். ஆனால் இன்றும் நிற்கிறது.

அன்று வேதாரண்யத்தில் தங்கி, விடிவதற்கு முன்பே கோடிக்கரைக்குப் போய்விட்டோம். அமாவாசை இருட்டு. இப்போதைய விளக்கின் ஒளி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து அந்தப் பக்கமாகத் திருப்பினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "தெரியுதுடி! போயிடுச்சு... இந்தா, மறுபடி வருது!" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

அந்த எண்ணிக்கையில்தான் விஷயமே இருக்கிறது, சகோதரிகளே! எத்தனை விநாடிக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை வைத்தே எந்த ஊர் விளக்கு என்று கடலில் இருப்பவர்கள் கண்டுகொள்வார்கள். இன்று செயற்கைக்கோள் வழி சொன்னாலும், கருவி பழுதானால் கண்ணால் பார்க்கிற விளக்குதான் துணை. 'கரைதல்' என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதேதான். கலங்களைக் கரைந்து அழைப்பது கலங்கரை விளக்கம். உயர்ந்த மாடத்தில் ஏணி சார்த்தி ஏறி, இரவில் தீ மூட்டிக் கப்பல்களை அழைத்ததைச் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையே சொல்கிறது.

விடிந்து, தர்ப்பணமும் முடிந்தபின் பழைய விளக்கைத் தேடிப் போனோம். சோழர் காலத்தது, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. ஆயிரம் வருஷத்துக் காற்றுக்கும் மழைக்கும் தாங்கி, சிதைந்தும் மிஞ்சியிருந்ததை 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி சாய்த்துவிட்டது. கரையோரம் செங்கல் குவியல்தான் கிடந்தது.

"எங்கேடி? எவ்வளவு உசரம்?" என்று கேட்டாள் அம்மா.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனசு கேட்கவில்லை. "விழுந்திடுச்சும்மா. கல்லுதான் கிடக்கு" என்றேன். அவள் கையைப் பிடித்து ஒரு செங்கல்லின் மேல் வைத்தேன். குழந்தையின் முதுகைத் தடவுவது போல் மெல்லத் தடவினாள். "நான்தான் லேட்டு. அது எனக்காக எத்தனை வருஷம் நின்னுச்சு!" என்றாள். தம்பி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நின்றபோது அதைத் தாங்கிப் பிடிக்க இன்னும் கொஞ்சம் முனைந்திருக்கலாமே என்று நினைத்தேன். உடனே அம்மாவின் கண் ஞாபகம் வந்துவிட்டது. கல்லைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பெற்றவர்களுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ கண் அழுத்த நோய் இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு அதிகமாம். நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி மாற்றப் போகும்போது கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய மறு வாரமே நானும் பார்த்துக்கொண்டேன். எனக்கும் அழுத்தம் கூடத்தான் இருக்கிறது. நல்ல வேளை, ஆரம்பம்.

இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவுக்கும் எனக்கும் சேர்ந்தே சொட்டு மருந்து. ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். பிறகு அந்தப் பழைய பைண்டை எடுத்து நான் வாசிக்கிறேன். அவள் கேட்கிறாள்.