மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?



பேத்தியைக் கார் சீட்டில் உட்கார வைத்து நான் போட்ட படத்துக்கு வந்த கருத்துகளைப் படித்தேன். "என்ன சார், குழந்தையை இப்படிக் கட்டிப் போட்டுட்டீங்க?" என்று ஒரு மாணவன். "மடியில வச்சுக்கிட்டா போதாதா அண்ணா?" என்று என் தங்கை. இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

வகுப்பில் நடத்திய நிலைமம் நினைவிருக்கிறதா? ஓடும் பஸ் சட்டென்று நின்றால் நாம் முன்னால் சாய்வது ஏன் என்று கேட்பேனே, அதுதான். கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், உள்ளே இருக்கும் குழந்தையும் அதே வேகத்தில்தான் போகிறது. கார் மோதி 0.1 நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 1400 நியூட்டன் விசை வேண்டும். 140 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிப்பது போல. எந்தத் தாயின் கைக்கும் அந்த பலம் கிடையாது. பாசம் குறைவு என்பதால் அல்ல, கணக்கு அப்படி.

சீட் வாங்கினால் மட்டும் போதாது, சரியாகப் பொருத்த வேண்டும். இடம், பின் இருக்கை. கைக்குழந்தை காரின் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். அதற்குத் தலை கனம், கழுத்து பலவீனம். முன்பக்கம் மோதினால் சீட்டின் முதுகுப் பகுதி அடியைத் தாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட சீட்டை ஏர்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகமே குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

கார் பெல்ட்டால் கட்டினாலும் சரி, ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டினாலும் சரி, கட்டிய இடத்தில் சீட்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் இன்னும் இறுக்க வேண்டும். பிறகு குழந்தையின் தோள்பட்டை வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் வார் தளர்வு என்று அர்த்தம்.

பேத்தி முதல் பயணத்தில் அழுது தீர்த்தாள். மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, தூக்கிச் சமாதானப்படுத்தி, மறுபடி உட்கார வைத்து மாட்டினோம். திருச்சியிலிருந்து மதுரை போய்ச் சேர ஒரு மணி நேரம் கூடுதலானது. ஆகட்டுமே!

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துப் போனால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத்திருத்தம் சொல்கிறது. அபராதத்துக்குப் பயந்து செய்ய வேண்டாம், பிள்ளைக்காகச் செய்யுங்கள்.

வீட்டில் குழந்தை சீட் உள்ளவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: இன்று மாலையே அதை அசைத்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு நகர்ந்தது என்று கீழே எழுதுங்கள். வழக்கம்போல் திருத்தித் தருகிறேன்.