கூடை பின்னும் கைகள்

மாலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிற பெரியவர்கள் எங்கள் கடை முன்னால் நின்று, "அருமையான கலை தம்பி, அழிய விட்டுடாதீங்க" என்பார்கள். அடுத்த பேச்சு, "பிளாஸ்டிக் கூடை இதைவிடச் சல்லிசா கிடைக்குதே, கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" கடை என்றால் நடைபாதை ஓரம்தான். தாத்தாவும் அப்பாவும் மூங்கில் கூடையும் முறமும் பின்னித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

பொருள்களின் வலிமை பற்றி மெக்கானிக்கல் வகுப்பில் படித்தபோதுதான் அப்பாவின் வேலை எனக்கு முழுதாக விளங்கிற்று. மூங்கிலின் தோல் பக்கம் நார் நெருக்கமாகவும், உள்பக்கம் குறைவாகவும் இருக்கும். ஆகவேதான் பாரம் தாங்க வேண்டிய இடத்துக்கு அப்பா தோல் பக்கத்துப் பத்தையையே எடுப்பார். ஸ்கேல் இல்லை, வரைபடம் இல்லை, கண்ணும் கட்டைவிரலும்தான். அப்படிப்பட்டவர் என் தம்பியைக் கத்தி தொட விடுவதில்லை. "இது என்னோட போகட்டும்டா" என்கிறார்.

2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பை, தட்டு, டம்ளர் போன்றவற்றுக்குத் தடை வந்தது. எங்களுக்கும் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தோம். பிளாஸ்டிக் கூடை அந்தப் பட்டியலில் இல்லை!

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. செட்டிநாட்டில் ஆச்சிமார் பனை ஓலையில் கொட்டான் பின்னுவார்கள். சீருக்கும் விசேஷத்துக்கும் அதுதான். அந்த வழக்கம் மங்கிப்போன நிலையில், விசாலாட்சி ராமசாமி அவர்கள் 2000-இல் தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. விற்பதற்கும் வழி செய்தது. 2013-இல் செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாராட்டோடு நிற்காமல் பின்னியவர் கையில் காசு சேரச் செய்ததால்தான் கொட்டான் பிழைத்தது.

நண்பர்களே! பத்தையை ஒரே கனத்தில் சீவ ஒரு சிறு கருவி செய்ய வேண்டும் என்பது என் ஆசை. "அது வந்தா கை எதுக்குடா?" என்றார் அப்பா. "சீவறதுக்குத்தாம்பா மிஷின், பின்றதுக்கு உங்க கைதான்" என்றேன். பதில் பேசவில்லை, ஆனால் நான் வரைந்த படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கலாம். பின்னுகிற கையை அப்படி வைக்க முடியாது. அதற்குச் சோறு வேண்டும். அடுத்த முறை கூடை வாங்கும்போது பேரம் பேசாமல் வாங்குங்கள். அது போதும்.