சேற்றுத் தடத்திற் கடைசிக் குதிரை

குதிரைப் பந்தயம் என்னுஞ் சொல்லுக்கு எம்மவரிடையே நற்பெயர் இல்லை. அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மனக்கண்ணில் தோன்றுவன புக்கிக் கடைகளும், அவற்றின் வாயிலிற் கசங்கிய தாளுடன் நிற்கும் மனிதரும், அடகுக்குப் போன நகைகளுமே. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். ஆதலால், பந்தயக் குதிரை ஒன்றைப் பற்றி எழுதப் புகும் கலைப்பீட மாணவர் எவரும் முதலில் ஒரு சமாதானம் கூறியே ஆகல் வேண்டும். ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடிநின்று பார்த்த ஓர் ஓட்டத்தில், வெல்லப்போகும் குதிரை முன்னே வந்து சேரும்வரை அதனைப் பெயர் சொல்லி அழைப்பாரில்லை. அது ஏன் என்ற கேள்வியே என்னை இவ்விடயத்துக்கு இழுத்து வந்தது. பணயம் வைத்தோர் இழந்ததையும் பெற்றதையும் அவர்களே கணக்கிட்டுக் கொள்ளட்டும்.

அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில், லூயிவில் நகரில், சேர்ச்சில் டவுண்ஸ் என்னும் ஓட்டத்திடல் இருக்கிறது. மூன்று வயதுக் குதிரைகளுக்கான கென்ரக்கி டேர்பி என்னும் ஒன்றேகால் மைல் ஓட்டம் 1875ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுதோறும் அங்கு நடைபெற்று வருகிறது. ஒரு குதிரை தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அதில் ஓடலாம். அடுத்த ஆண்டு அதற்கு வயது கடந்துவிடும். நான் குறிப்பிடுவது 2009 மே 2ஆம் திகதி நடைபெற்ற 135ஆவது டேர்பியை. பத்தொன்பது குதிரைகள் ஓடின. மழை பெய்து தடம் நனைந்திருந்தது.

நனைந்த தடம் என்று ஒரே சொல்லில் நாம் கூறிவிடுகிறோம். பந்தயத் திடலிற் பணிபுரிவோருக்கோ அதில் வகைகள் பல உண்டு. நீர் மண்ணுள் ஊறி, குளம்பைப் பற்றியிழுக்கும் கனத்த சேறு ஒன்று. மேலே நீர் தேங்கி நிற்க, அடியில் தளம் இறுகியே இருக்கும் நிலை மற்றொன்று. மழை வருமெனக் கண்டால், நீர் உள்ளே இறங்காது வழிந்தோடும்படி மேல்மண்ணை இழுத்து அமுக்கி இறுக்கிவிடுவர். அன்றைய தடம் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. பார்ப்போருக்கு அது வயற்சேறு போலத் தோன்றும். குதிரையின் காலுக்கோ அது நீர் மூடிய கெட்டித் தரை. சில குதிரைகள் இதனை விரும்புவதில்லை. முன்னே ஓடுவனவற்றின் குளம்பெறியும் சேறு பின்னே வருவனவற்றின் முகத்தில் ஓயாது விழும். ஜொக்கிகள் காப்புக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அணிந்து கொண்டு, சேறு படிந்ததை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்துவிட்டு அடுத்ததன் வழியாகப் பார்ப்பர். குதிரைக்கு அவ்வசதி இல்லை.

அன்று ஓடியவற்றுள் ஒன்றின் பெயர் மைன் தட் பேர்ட். ஒரு வயதுக் குட்டியாயிருக்கையில் ஏலத்தில் 9,500 டொலருக்கு விலைபோனது. இலட்சக் கணக்கில் விலை பேசப்படும் அவ்வுலகில் அது ஏறத்தாழ இனாம். பின்னர் கனடாவில் ஓடி, 2008இல் அந்நாட்டின் சிறந்த இரண்டு வயதுக் குதிரையெனத் தெரிவாகி, 400,000 டொலருக்கு நியூ மெக்சிக்கோவைச் சேர்ந்த இருவர் கைக்கு மாறியது. அதன்பின் கலிபோர்னியாவில் ஓடிய பெரிய ஓட்டத்திற் கடைசியாக வந்தது. நியூ மெக்சிக்கோவில் இரு முறை ஓடி இரு முறையும் தோற்றது. அதன் பயிற்றுநர் சிப் வூலி மோட்டார்ச் சைக்கிள் விபத்திற் கால் முறிந்து ஊன்றுகோலுடன் நடமாடியவர். அந்நிலையிலும் தம் வாகனத்தின் பின்னே குதிரை வண்டியைப் பூட்டி, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அதனை லூயிவில்லுக்குக் கொண்டு வந்தார். ஒன்றுக்கு ஐம்பது என்ற கணக்கில் அதன்மேற் பணயம் வைக்கப்பட்டது. அஃதாவது, வெல்லும் என நம்பியோர் மிகச் சிலர்.

அவ்வோட்டத்தின் ஒளிப்பதிவை நான் முதன்முறை பார்த்தபோது, எல்லோரையும் போல முன்னணியைப் பார்த்தேன். இரண்டாம் முறை, பிற குதிரைகள் அனைத்தையும் விலக்கி, கடைசியில் ஓடும் அந்த ஒன்றை மட்டும் பார்ப்பதெனத் தீர்மானித்துக்கொண்டு பார்த்தேன். இரண்டும் இரு வேறு ஓட்டங்கள் போல இருந்தன. புறப்படும்போதே இடையில் நெருக்குண்டு அது பின்தங்கி விடுகிறது. முதல் அரை மைலுக்கு அது கூட்டத்தைச் சேர்ந்ததாகவே தெரியவில்லை. மற்றவற்றுக்குப் பின்னே, இடைவெளி விட்டு, வேறெங்கோ போகும் குதிரை போல ஓடுகிறது. அவ்விடைவெளியால் முன்னோர் எறிந்த சேறும் அதன்மேல் அதிகம் விழுந்திராது என்பது என் ஊகம். கடைசி வளைவு வருகையில் அதன் ஜொக்கி கல்வின் பொறெல் உட்புற வேலியை ஒட்டிக் குதிரையைச் செலுத்தத் தொடங்குகிறார். மற்றையோர் சற்று வெளியே விலகி ஓடுகின்றனர். வேலியோரம் ஒரு வழி வெறுமையாகக் கிடக்கிறது. வேலியை உரசிச் செல்வது பொறெலின் வழக்கம் என்பதை அறியாதவர் அத்துறையில் இல்லை. ஒரு குதிரையைச் சுற்றிக் கடந்து மீண்டும் வேலிக்கு வருகிறார். வேலிக்கும் முன்னே ஓடிய குதிரைக்கும் இடையே ஒரு குதிரை நுழையுமா என ஐயுறத்தக்க இடுக்கில் நுழைகிறார். அதன்பின் முன்னே எவருமில்லை. ஆறேமுக்கால் குதிரை நீளத்தில் வெற்றி. 1946இன் பின்னர் டேர்பியில் அத்துணை இடைவெளியில் எக்குதிரையும் வென்றதில்லை. இரண்டு டொலர் வைத்தவருக்கு 103 டொலர் 20 சதம் கிடைத்தது. பலரும் நம்பிப் பணம் வைத்த குதிரை பதினெட்டாவதாக வந்து சேர்ந்தது.

தொலைக்காட்சியில் வர்ணனை செய்தவர் ரொம் டேர்க்கின். பல்லாண்டு அனுபவமும் நற்பெயரும் உடையவர். கடைசி நேர்த்தடத்தில் அவர் வேறு குதிரைகளின் பெயர்களையே கூறிக் கொண்டிருக்கிறார். மைன் தட் பேர்ட் அவற்றை எல்லாம் கடந்து தனித்து ஓடத் தொடங்கிய பின்னரே அதன் பெயர் அவர் வாயில் வருகிறது; வரும்போது அக்குரலில் இருக்கும் திகைப்பு போலியன்று. இதனை அவரது குறை எனச் சுட்டிச் சிரிப்போர் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்தொன்பது ஜொக்கிகளின் சட்டை நிறங்களை மனனஞ் செய்துகொண்டு, மங்கிய வெளிச்சத்தில், இரண்டு நிமிடத்துள் அனைத்தையும் கூறவேண்டிய ஒருவர், வெல்லக் கூடியவை எங்கே நிற்கின்றன என்றுதான் தேடுவார். அவ்வாறு தேடும்படி அவருக்குக் கற்பித்தது அவரது அறிவே. அறியாதவர் ஒருவர் அவ்விடத்தில் நின்றிருந்தால் ஒருவேளை வேலியோரம் வந்த அந்தச் சின்னக் குதிரையை முன்னரே கண்டிருப்பார். ஆனால் அவருக்கு அதன் பெயர் தெரிந்திராது.

விடுதியில் என் அறை நண்பர் இதனை ஏற்கவில்லை. அவர் புள்ளிவிபரவியல் படிப்பவர். “ஐசே, வென்றது குதிரையில்லை, சேறு” என்றார். அவர் பக்கம் வலுவானதே. அவ்வெற்றியின் பின் மைன் தட் பேர்ட் ஓர் ஓட்டத்திலேனும் வெல்லவில்லை. இரு வாரத்தில் நடந்த பிறீக்னெஸ் ஓட்டத்தில் ரேச்சல் அலெக்சாண்ட்ரா என்னும் பெண் குதிரையிடம் ஒரு குதிரை நீளத்தில் தோற்றது. அப்பெண் குதிரையைச் செலுத்தியவர் வேறு எவருமல்லர். அதே கல்வின் பொறெல். டேர்பியை வென்ற குதிரையைவிட்டு, அதனினும் வல்லதெனத் தாம் கருதியதைத் தெரிந்து கொண்டார். அவர் கணிப்புப் பிழைக்கவில்லை. அடுத்து வந்த பெல்மன்ற் ஓட்டத்தில் மீண்டும் பொறெலே மைன் தட் பேர்ட்டில் ஏறினார். மூன்றாம் இடமே கிடைத்தது. 2010இல் அது ஓய்வு பெற்றது. ஒரு முறை மட்டும் நிகழ்ந்தது தற்செயல் என்பது நண்பரின் வாதம்.

சேறு பத்தொன்பது குதிரைகளுக்கும் பொதுவாகவே கிடந்தது என்று நான் கூறினேன். வேலியோரத்து வழியும் எவருக்கும் மறைக்கப்படவில்லை. மேலும், பெல்மன்றில் மூன்றாம் இடமும், பிறீக்னெசில் இரண்டாம் இடமும் உலர்ந்த தடங்களில் வந்தவை; ஒன்றுக்கு ஐம்பதெனத் தள்ளிவைக்கப்பட்ட குதிரை அவ்விடங்களுக்கு வருவதைச் சேற்றின்மீது சுமத்த முடியாது. ஒரே நாளிற் பெற்ற பெறுபேற்றைக் கொண்டு எம்மை இங்கு அனுப்பியவர்கள் அதைத் தற்செயல் என்று சொல்லவில்லையே என்றும் கேட்டேன். அதற்கு நண்பர் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. நானுந்தான்.

இக்கதையை எளியோன் வலியோரை வென்ற கதையாகச் சொல்லுவதே வழக்கம். 2014இல் திரைப்படமும் வந்தது. எனக்கு அதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘தரோபிறெட்’ எனப்படும் இக்குதிரைகள் குலப் பதிவேட்டில் வாழ்பவை. இங்கிலாந்தில் அப்பதிவேடு முதன்முதல் 1791இல் அச்சாயிற்று. இன்றுள்ள தூயகுலக் குதிரைகள் யாவும் ஆண்வழியில் மூன்று குதிரைகளிடமே போய்ச் சேரும். அவ்வேட்டைப் புரட்டிப் பார்த்தால் மைன் தட் பேர்ட் எளிய குடியிற் பிறந்ததன்று. அதன் தந்தை பேர்ட்ஸ்ரோன் 2004இல் பெல்மன்றை வென்றது. பாட்டன் கிறைன்ட்ஸ்ரோன் 1996இல் இதே டேர்பியை வென்றது. பெல்மன்றில் அதனை முந்திய சமர் பேர்ட்டும் பேர்ட்ஸ்ரோனின் பிள்ளையே. குலமே யாவும் என்று ஏடு வைத்து நடத்துவோர், அந்த ஏடு காட்டிய குதிரையையே 9,500 டொலருக்குத் தள்ளிவிட்டனர் என்பதுதான் உண்மை. பிறப்பை மதிக்கும் சமூகம் பிறப்பைக்கூட ஒழுங்காக வாசிப்பதில்லை என்று எனக்குத் தோன்றியது. குலத்தைப் பெரிதெனக் கொள்வோரிடம் அதிகம் பழகிய எவருக்கும் இது புதிதன்று.

இன்னொன்றும் உண்டு. டேர்பியை வெல்லும் குதிரை ஓட்டத்தாற் பெறும் பணத்தைவிட, பின்னர் பொலிகுதிரையாக நின்று ஈட்டித் தரும் பணமே பெரிது. பரிசு என்பது ஒருவகையில் அதன் பிள்ளைகளுக்கான முன்விலை. மைன் தட் பேர்ட்டோ ஊர்ப்புறங்களில் மாடுகளுக்குச் செய்வது போல இளமையிலேயே நலமடிக்கப்பட்ட குதிரை. 2003இல் வென்ற ஃபனி சைட்டும் அத்தகையதே. ஆகவே அந்த இரண்டு நிமிடமும் இரண்டு செக்கனும் வேறெதற்கும் மாற்றிக்கொள்ள முடியாதவையாய் நின்றுவிட்டன. சமர் பேர்ட் பொலிகுதிரையாயிற்று. மைன் தட் பேர்ட்டை நியூ மெக்சிக்கோவுக்கே திரும்பக் கொண்டு சென்றனர். குலப் பதிவேட்டில் அதன் பெயருக்குக் கீழே எழுதுவதற்கு ஒன்றுமில்லை.