பத்தரை மணிக் கோழி

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது, நான்கு இருந்தன. ஏழு மணிக்கு நைனாவுக்குத் தயிர் சாதம். ஒன்பது மணிக்கு டியூஷனிலிருந்து திரும்பும் மகளுக்கு, அவளே வெந்நீர் ஊற்றிக் கிளறிக்கொள்ளும் நூடுல்ஸ். பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஷிப்டு முடிந்து வரும் என் மனைவிக்கு, மத்தியானக் குழம்பின் மிச்சம். எனக்கு நேரமே கிடையாது. கதை எழுதுகிறவன் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம், சாப்பிடாமலே கூட இருந்துவிடலாம் என்று உலகத்தில் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. வெளியாரைக் காட்டிலும் வீட்டாருக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போன சித்திரையில் நைனாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். (கல்மண்டபத்தில் எங்களைப் போன்றவர்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றார். 6 மாதத்தில் 7 கிலோ குறைந்திருந்தது. டாக்டர் ரத்தம் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். வியாதி என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், "பெரியவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்?" என்று என்னைக் கேட்டார்.

பதில் தெரிந்த கேள்விதான். ஆனால் எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு மின்சாரப் பாத்திரம் இருந்தது. என் மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அக்காளுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. ஸ்லோ குக்கர் என்று பெயர். உள்ளே கனத்த பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, சுற்றிலும் ஏறக்குறைய 200 வாட் மின்சாரத்தில் மெல்லச் சூடேறும் உறை, அவ்வளவுதான் சாதனம். கூட வந்த புத்தகத்தின் அட்டையில் ஒரு குடும்பம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, முழுக் கோழி ஒன்றைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போகலாம், சாயங்காலம் சாப்பாடு தயார் என்று உள்ளே எழுதியிருந்தது. பத்தரை மணிக்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது என்றால் இதுதான் வழி என்று தீர்மானித்தேன்.

காசிமேடு நடந்து போகிற தூரத்தில் இருக்கும்போது கோழியாவது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது மீன்பிடித் தடைக்காலம். வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவது எங்கள் பேட்டையில் அவமானமே அல்ல. மேலும் மீன் அவசரக்காரப் பிராணி. குழம்பு கொதித்த சில நிமிஷத்தில் வெந்துவிடும். அப்புறம் ஒருவருக்காகவும் காத்திராது. என் மனைவி வரும் பஸ்ஸோ துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் எப்போது வரும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது.

முதல் தடவை பிராய்லர் கோழி வாங்கினேன். வழக்கம்போல் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டேன். பகலெல்லாம் வேகவிட்டேன். ராத்திரி மூடியைத் திறந்தால் எலும்பு ஒரு பக்கம், சதை ஒரு பக்கம், நடுவில் ஒரு குளம். நைனா ஒரு துண்டை விரலால் பிரித்துப் பார்த்தார்.

"இன்னாடா இது, தேங்கா நாரா?"

பிறகுதான் காரணம் தெரிந்தது. பிராய்லர் ஐந்தாறு வாரத்துக் குஞ்சு. அரை மணியில் வேகக்கூடியதை எட்டு மணி நேரம் வைத்திருந்தால் நாராகத்தான் போகும். தண்ணீரும் அப்படியே. அந்தக் கண்ணாடி மூடி ஆவியை வெளியே விடுவதில்லை. வேர்த்து வேர்த்துத் திரும்ப உள்ளேயே சொட்டுகிறது. இரண்டு டம்ளர் விட்டால் இரண்டு டம்ளரும் இருக்கும், கோழி விடும் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது தடவை வேறு விதமாகப் போயிற்று. நான் ஒரு பத்திரிகை ஆபீசுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பினால் சட்டி வெதுவெதுப்பாக இருந்தது, கோழி பாதி வெந்திருந்தது. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று வரை மின்சாரம் இல்லை என்றார் நைனா. "எனக்குப் போன் செய்திருக்கக் கூடாதா?" என்றேன். "கரண்ட் பூட்ச்சின்னு உனுக்குப் போன் பண்ணா நீ இன்னா பண்ணுவே?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. என் மனைவி நர்ஸ். இறைச்சி அரைகுறைச் சூட்டில் அத்தனை நேரம் கிடந்தால் அதில் என்னென்ன வளரும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாள்.

நைனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சுவரைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார்:

"உங்கம்மா அடுப்புக்குக் கரண்ட் வேணாம்."

இரண்டு வருஷத்தில் அவராக அம்மாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அம்மாவின் அடுப்பு மரத்தூள் அடுப்பு. அதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பழைய பெயிண்ட் டப்பா. அடியோரமாகப் பக்கத்தில் ஒரு துவாரம். டப்பாவின் நடுவே ஒரு கண்ணாடிப் புட்டியை நிறுத்தி, துவாரத்தின் வழியாக ஓர் உருட்டுக்கட்டையைப் புட்டியின் அடிவரைக்கும் செருகி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கொட்டி இறுக இடிக்க வேண்டும். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு புட்டியைத் திருகி மேலே எடுக்க வேண்டும். கட்டையை வெளியே உருவ வேண்டும். தூள் சரியாமல் நின்றால் நடுவில் ஒரு குழாய் கிடைத்துவிடும். கீழ்த்துவாரத்தில் ஒரு சிராயைக் கொளுத்தி வைத்தால் நெருப்பு அந்தக் குழாயின் சுவரை உள்ளிருந்து வெளியாக மெல்லத் தின்றுகொண்டே போகும். நாலைந்து மணி நேரம் ஒரே சீராக எரியும். ஊத வேண்டாம், தள்ள வேண்டாம். மரவாடியிலிருந்து கோணியில் தூள் சுமந்து வருவது என் வேலை. ஏமாந்து ஈரத்தூளை வாங்கி வந்துவிட்டால் வீடெல்லாம் புகை, எனக்கு முதுகில் ஒன்று.

1980-களின் நடுப்பகுதி அது. நைனா ஹார்பரில் விஞ்சு ஓட்டிக்கொண்டிருந்தார். 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்துவிட்டது. மூட்டையும் கட்டுமாகக் கப்பலில் ஏற்றி இறக்கிய காலம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. இருந்தாலும் வேலை இருந்தது. இரண்டாவது ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வரப் பத்தரை ஆகும். சம்பளம் வந்த வாரத்தில் ஒரு நாள் அம்மா கோழி வாங்குவாள். இளங்கோழி அல்ல, அதற்கு யார் காசு கொடுப்பது? முட்டை நின்றுபோன கிழட்டுக் கோழியை யாராவது மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அதைச் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சட்டியில் போட்டுத் தூள் அடுப்பில் ஏற்றுவாள். மேலே குழித்தட்டு, தட்டில் தண்ணீர். ஆவி தட்டில் முட்டி உள்ளேயே சொட்டும். குழம்பு சுண்டினால் தட்டில் சுட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரைச் சாய்த்துக்கொள்வாள். சிங்கப்பூர்க் கண்ணாடி மூடி செய்வதும் அதைத்தான்.

நான் தூங்கிப்போய்விடுவேன். நைனா வந்தபின் எழுப்பி, பாதித் தூக்கத்தில் ஊட்டுவார்கள். ஆகவே அந்தக் கோழி தானே வெந்துவிடுகிற பதார்த்தம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஒரு நாவலில் அப்படி எழுதியும் இருக்கிறேன்.

"தானா வேவுமா?" என்றார் நைனா. "நீ தூங்கினு இருப்பே. அவ தூங்க மாட்டா. தூளு உள்ள சரிஞ்சிதுன்னா பொகைதான் வரும், நெருப்பு வராது. குச்சி வெச்சி வெச்சிப் பாத்துக்கினே இருக்கணும். நீ தூங்கு, நான் வந்து சூடு பண்ணிக்கிறேன்னேன். நீ சூடு பண்ணா அடி புடிச்சிடும்னா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஒரு நாளு கப்பல்ல ஓவர்டைம். சொல்லி அனுப்ப ஆளு கெடைக்கல. காலைல ஆறு மணிக்கி வரேன், அடுப்பு முன்னால உக்காந்துக்கினு கீறா. சட்டி மேல கைய வெச்சிப் பாத்துட்டு, இன்னும் சூடா கீதுன்னா. எங்க போனேன்னு ஒரு வார்த்த கேக்கல."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுத்தாளர்களுக்குத் தூக்கம் வராவிட்டால் எதையாவது படிப்பார்கள். நான் இந்தப் பாத்திரத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். நம்மவர்களும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்ற டாக்டர் 1910-இல் இக்மிக் குக்கர் என்று ஒன்றைச் செய்தார்: அடியில் கரி நெருப்பு, மேலே அடுக்கடுக்காகப் பாத்திரங்கள், ஏற்றிவிட்டு வேலைக்குப் போய் வந்தால் சோறும் கறியும் வெந்திருக்கும். அதே ஜாதிதான் நம் சென்னைப் பிரம்மசாரிகளின் அறைகளில் இருந்த ருக்மணி குக்கர். மின்சாரச் சட்டிக்கு மூலபுருஷர் சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்ஸன். 1940-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னால் ஒரு கம்பெனி அவருடைய தொழிலை வாங்கி, 1971-இல் கிராக் பாட் என்ற பெயரில் உலகமெல்லாம் விற்றது. நாக்ஸனுக்கு யோசனை கொடுத்தது அவருடைய தாயார் சொன்ன பழங்கதை. லிதுவேனியாவில் வில்னியஸ் நகரத்து யூதக் குடும்பம் அவர்களுடையது. சனிக்கிழமை ஓய்வு நாள். அன்று யூதர்கள் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவருடைய பாட்டி பீன்ஸும் இறைச்சியும் போட்ட சட்டியைச் சிறுமியின் கையில் கொடுத்து ரொட்டிக் கடைக்கு அனுப்புவாளாம். கடைக்காரன் அணைத்துவிட்ட அடுப்பில் அது ராத்திரியெல்லாம் இருந்த சூட்டிலேயே வேகுமாம். 'சோலண்ட்' என்று அதற்குப் பெயர்.

சட்டியைக் கொடுத்தனுப்பிய பாட்டி அன்று ராத்திரி தூங்கினாளா என்று எந்தச் சரித்திரத்திலும் இல்லை. ரொட்டிக் கடைக்காரன் இருந்ததால் தூங்கியிருக்கலாம்.

மூன்றாவது தடவை கடைக்காரரிடம், "முட்டைக் கோழி, கிழடாகப் பார்த்துக் கொடுங்கள்" என்றேன். பண்ணைகளில் ஒன்றரை வருஷம் போல முட்டையிட்டு ஓய்ந்த கோழிகள் இப்படி விலைக்கு வருகின்றன. அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "வேகாது சார், ரப்பரா இருக்கும்" என்றார். ரப்பர்தான் எனக்கு வேண்டியிருந்தது. வயதான கோழியின் தசையைக் கட்டிவைத்திருக்கும் சவ்வு, 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் இருந்தால்தான் கரைந்து கூழாகும். குழம்புக்கு ஓர் ஒட்டும் பசையும் வரும். இளங்குஞ்சில் அந்தச் சரக்கு எங்கே இருக்கிறது?

சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, தக்காளியை வாணலியில் நன்றாகச் சிவக்க வதக்கினேன். இந்த மின்சாரச் சட்டிக்குச் சிவக்க வைக்கத் தெரியாது. மிளகாயும் தனியாவும் வறுத்து அரைத்தது. கோழித் துண்டுகளைப் போட்டு அங்கேயே ஒரு கொதி விட்டுத்தான் சட்டிக்கு மாற்றினேன். அது நர்ஸம்மாளின் உத்தரவு. தண்ணீர் அரை டம்ளர். மத்தியானம் இரண்டரைக்கு அவள் வேலைக்குக் கிளம்பும்போது மெல்லிய சூட்டில் திருப்பி வைத்தேன். மிளகும் தேங்காய்ப் பாலும் கடைசி அரை மணிக்கு என்று எடுத்து வைத்தேன். பாலை முதலிலேயே விட்டால் திரிந்துபோகும், மிளகின் வாசனை எட்டு மணி நேரம் தாங்காது.

ஏழு மணிக்குத் தயிர் சாதத்தைக் கொண்டுபோனேன். "அப்பால" என்றார் நைனா. ஒரு மோடாவை இழுத்துச் சட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் கண்ணாடி மூடியைத் தூக்கி, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறக்காதே நைனா. ஒரு தடவை திறந்தால் சூடெல்லாம் போய்விடும், இன்னும் அரை மணி கூடும்."

"கூடட்டுமே, இன்னா இப்போ?"

ஒன்பது மணிக்கு மகள் வந்தாள். வாசற்படியிலேயே மூக்கை உறிஞ்சினாள். நூடுல்ஸ் பொட்டலத்தை எடுத்தாள்; தாத்தாவைப் பார்த்தாள்; திரும்ப வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு மூடி இன்னும் இரண்டு தடவை திறந்தது. யார் திறந்தது என்று நான் கேட்கவில்லை.

என் மனைவி வந்து சேரும்போது பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம். லாரிகள்தான். கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவள் நான்கு தட்டுகளைப் பார்த்துவிட்டு, "யார் வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

கோழி வெந்திருந்தது, நாராகவும் இல்லை, ரப்பராகவும் இல்லை. உப்புத்தான் சற்றுக் கம்மி. நைனா கரண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். தொடைத் துண்டைத் தேடி எடுத்து மருமகள் தட்டில் வைத்தார். கழுத்தைத் தம் தட்டில் போட்டுக்கொண்டார். அம்மா எப்போதும் எடுத்துக்கொள்ளும் துண்டு அது. பல் செட்டை வைத்துக்கொண்டு அதோடு வெகுநேரம் போராடினார். இரண்டாம் முறை சோறு கேட்டார்.

கை கழுவி வந்தபின், ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே மருமகளைக் கேட்டார்:

"நாளைக்கி உனுக்கு இன்னா ஷிப்டும்மா?"