பன்னெண்டு-பதிமூணு எடுடா!

பாகூர் பக்கம் ஏதாவது ஒரு கார் மெக்கானிக் ஷெட் வாசலில் பத்து நிமிஷம் நின்றால் இந்தக் குரல் காதில் விழும். "டேய், பன்னெண்டு-பதிமூணு எடுடா. அது இல்லடா, ரிங்கு!" வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் அண்ணன் கையை மட்டும் வெளியே நீட்டுவார். ஹெல்ப்பர் பையன் சரியான ஸ்பேனரை அந்தக் கையில் வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் அது அப்படியே திரும்பிப் பறந்து வரும் :-)

அந்தப் பையன் நாலைந்து வருஷம் கழித்துத் தனியாக ஷெட் போடலாம் என்று கிளம்பும்போதுதான் ஒரு விஷயம் உறைக்கும். இத்தனை நாள் கையில் புழங்கிய ஸ்பேனர் ஒன்றுகூட அவனுடையது இல்லை. தொழில் அவனிடம் இருக்கிறது, டூல்ஸ் பழைய முதலாளியிடம் இருக்கிறது. அம்மாவின் கம்மலை அடகு வைத்து, குழுக் கடன் கொஞ்சம் வாங்கி, கையிருப்பையும் சேர்த்தால் ஒரு பத்தாயிரம் தேறும் என்று வையுங்கள். அதில் எதை வாங்குவது, எதை விடுவது? பி.காம். மக்கள் "கேபிடல் பட்ஜெட்டிங்" என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிற சமாச்சாரம்தான் இது. பரீட்சையில் தப்பு செய்தால் மார்க் போகும். இங்கே கம்மல் போகும்.

கணக்குப் புத்தகத்தில் இந்த ஸ்பேனர்களுக்கு "லூஸ் டூல்ஸ்" என்று பெயர். இதற்கு ஸ்ட்ரெய்ட் லைன் தேய்மானம் சரிப்படாது. வருஷக் கடைசியில் பெட்டியைத் திறந்து, என்ன மிச்சம், அதற்கு என்ன மதிப்பு என்று பார்த்து எழுதுகிற ரீவேல்யுவேஷன் மெத்தட்தான். 2013 கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் லூஸ் டூல்ஸ் இருப்பது இன்வென்டரி தலைப்பின் கீழே. ஏன் இப்படி என்று சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் ஷெட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்பேனர் தேய்வதைவிடத் தொலைவதுதான் அதிகம். அதிலும் இந்தப் 10 நம்பர் இருக்கிறதே, உலகம் பூரா மெக்கானிக்குகள் தேடிக்கொண்டே இருக்கும் வஸ்து அது.

சரி, மட்டமான ஸ்பேனர் வாங்கினால் என்னதான் ஆகும்? ஸ்பேனர் உடைந்துபோகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உடைந்தால்கூடப் பரவாயில்லை, வேறு வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் நடப்பது வேறு. வாய் லேசாக விரியும். விரிந்த வாய் நட்டின் ஆறு மூலைகளிலும் வழுக்கும். மூலை மழுங்கி நட்டு "ரவுண்டு" ஆகிவிடும். அப்புறம் உளி, வெல்டிங், கட்டர் என்று அரை நாள் போகும். கூலி கேட்க முடியாது, கஸ்டமர் வேறு முறைப்பார். வழுக்குகிற நேரத்தில் கை போய் ரேடியேட்டர் தகட்டில் இடித்து முட்டி பெயர்ந்து வருவது தனி. ஆக, அந்த ஸ்பேனரின் நிஜ விலை பில்லில் போட்ட 400 ரூபாயோடு நிற்பதில்லை.

இதில் ரொம்ப மோசமானது பிரேக் பைப் நட்டு. பல கார்களில் அது 10 மி.மீ. சின்னது, மெத்தென்று இருக்கும், பைப் நடுவில் போவதால் ரிங் ஸ்பேனரை மேலே மாட்ட வழியில்லை. ஓப்பன் ஸ்பேனரில் முரட்டுத்தனமாகத் திருகினால் மழுங்கிவிடும், பைப்போடு சேர்த்து மாற்ற வேண்டியதுதான். இதற்கென்றே ரிங்கின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்ட மாதிரி ஒரு ஸ்பேனர் இருக்கிறது, ஃப்ளேர் நட் ஸ்பேனர். பிரேக்கில் கை வைக்கப்போகிறவன் முதல் நாளே அதில் ஒன்று வாங்கிவிட வேண்டும். மற்றதில் கஞ்சத்தனம் பண்ணலாம், இதில் வேண்டாம்.

கடையில் எப்படிப் பார்ப்பது? "குரோம் வனேடியம்" என்று பொறித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் எழுத்தைப் பொறிக்க ஒரு அச்சு போதும். உருக்கைக் காய்ச்சி, அடித்து, பதம் போடுவதில்தான் சங்கதி இருக்கிறது. பதம் குறைந்தால் வாய் விரியும், கூடினால் படக்கென்று உடையும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிகிற ஒன்று பொருத்தம். சட்டைப் பையில் 10, 12, 14 தலை உள்ள புது போல்ட் மூன்று போட்டுக்கொண்டு போகலாம். கடைக்காரர் முன்னாலேயே மாட்டி ஆட்டிப் பார்த்தால் லொடலொட என்கிறதா, கச்சிதமாக உட்காருகிறதா என்று தெரிந்துவிடும். ("என்ன தம்பி, நகைக்கடைக்கா வந்திருக்க?" என்று கேட்பார். சிரித்துவிட்டு அடுத்ததை மாட்டவும்.) முலாம் ஓரங்களில் உரிந்திருந்தால் கீழே வைத்துவிடலாம். பாகூருக்குக் கடல் ரொம்ப தூரமில்லை. உப்புக் காற்றில் உரிந்த இடத்தில் துரு பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

இந்தியாவில் பெயர் வாங்கின டப்பாரியா கம்பெனி, சுவீடன் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1969இல் தயாரிப்பை ஆரம்பித்தது, நாசிக்கில். ஊர்ப்பக்கம் கட்டிங் பிளேயர் என்றாலே பலருக்கும் அந்தப் பெயர்தான். காமர்ஸ் மக்களுக்கு ஒரு போனஸ் தகவல்: 2024இல் அந்தக் கம்பெனிப் பங்கின் விலை பத்து ரூபாய்க்கும் கீழே காட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பங்குக்கு அறிவித்த டிவிடெண்ட் விலையைவிட அதிகம்! வாங்க ஆள் இருந்தது, விற்கத்தான் ஆள் இல்லை. ஸ்பேனர் கிடைக்கும், ஷேர் கிடைக்காது.

அடுத்தது எந்த அளவு வாங்குவது. கடையில் எட்டு ஸ்பேனர் செட் என்று கேட்டால் 6-7இல் ஆரம்பித்து 20-22 வரை கொடுப்பார்கள். அத்தனையும் ஒரே மாதிரி உழைக்காது. ஷெட்டுக்கு எந்த வண்டி வரப்போகிறது என்பதுதான் கேள்வி. ஒரே 8 மி.மீ. போல்டுக்கு ஜப்பான்காரன் தலையை 12 வைப்பான், ஐரோப்பாக்காரன் 13 வைப்பான். 10 மி.மீ. போல்டுக்கு அங்கே 14, இங்கே 16 அல்லது 17. அதனால் மாருதி சுசுகி அதிகம் வரும் ஷெட்டில் 10, 12, 14, 17 ஓயாமல் ஓடும். ஐரோப்பிய வழி வண்டி வந்தால் 13 இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருக்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் ஷெட்டுகளின் டூல் பெட்டியும் சேர்ந்தே மாறியது. அதற்கு முன் அம்பாசடர் ராஜ்ஜியத்தில் அளவெல்லாம் அங்குலம். அரை அங்குல நட்டு 12.7 மி.மீ., அதில் 13 ஸ்பேனர் மாட்டும், மாட்டிவிட்டு மழுக்கும். இரண்டு வண்டிகளின் தயாரிப்பும் 2014இல் நின்றுவிட்டது. பழைய பெட்டிகளில் மட்டும் அந்த அங்குல ஸ்பேனர்கள் இன்னும் கிடக்கின்றன. தாத்தா காலத்துச் சொத்து என்று அதை அப்படியே வாங்கிக்கொண்டு வருகிற பையன் உஷாராக இருக்கணும்.

ஓப்பன் ஸ்பேனரின் வாய் ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டால் பல பேர் முழிப்பார்கள். 15 டிகிரி சாய்வு அது. ஆறு மூலை நட்டில் 60 டிகிரிக்கு ஒருமுறைதான் ஸ்பேனர் மறுபடி மாட்டும். இடுக்கில் அவ்வளவு சுழற்ற இடம் இருக்காது. சாய்வு இருப்பதால் ஸ்பேனரைக் குப்புறத் திருப்பிப் போட்டால் 30 டிகிரியிலேயே அடுத்த பிடி கிடைக்கும். பையன்கள் இதைப் புத்தகத்தில் படிப்பதில்லை, கை தானாகத் திருப்பிப் போடும்.

பாக்ஸ் செட், அதாவது சாக்கெட். ஜோசப் ஜான்சன் என்ற அமெரிக்கர் 1920இல் ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட், எதில் வேண்டுமானாலும் எதையும் மாட்டலாம் என்று விற்க ஆரம்பித்தார். அதுதான் ஸ்னாப்-ஆன் கம்பெனி. இங்கே பாகூர்ப் பையனுக்கு அது கனவு விலை, விட்டுவிடலாம். ஆனால் அவருடைய கணக்கு பத்தாயிரக் கைக்கும் பொருந்தும். அரை அங்குல டிரைவில் நல்ல ராட்செட் ஒன்று, எக்ஸ்டென்ஷன் ஒன்று, தேவையான ஏழெட்டு சாக்கெட். பெரிய பெட்டியில் பளபளவென்று 108 உருப்படி அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து மயங்கினால், அதில் பாதி டிரைவர் பிட்டாகவும் எல் கீயாகவும்தான் இருக்கும். சாக்கெட் வாங்கும்போது பன்னிரண்டு மூலை வேண்டாம், ஆறு மூலை வாங்குவது நல்லது. துருப்பிடித்த நட்டில் ஆறு மூலைதான் முழுசாகப் பிடிக்கும்.

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் பற்றியும் ஒரு வரி. ஜப்பான் வழி வண்டிகளில் சில ஸ்க்ரூ தலைகளில் குட்டியாக ஒரு புள்ளி இருக்கும். அது ஜப்பான் தர அளவு ஸ்க்ரூ. சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் அடிவரை இறங்காது, அழுத்தித் திருகினால் மேலே ஏறி வந்து தலையை நாசம் பண்ணும்.

வீல் நட்டு விஷயம்தான் பயமுறுத்துகிறது. சின்னக் கார்களுக்கு மேனுவலில் போட்டிருப்பது ஏறக்குறைய 80 முதல் 110 நியூட்டன் மீட்டர். 60 கிலோ ஆள் அரை மீட்டர் ராடின் நுனியில் ஏறி நின்றால் 290ஐத் தாண்டும். மூணு மடங்கு! மறை போகும், ஸ்டட் இழுபடும். டார்க் ரெஞ்ச் விலை அதிகம்தான், முதல் மாசமே முடியாமல் போகலாம். அதுவரை கையோடு வருகிற சின்ன வீல் ஸ்பேனரில் கையால் மட்டும், குறுக்குக் குறுக்காக முறுக்கலாம். காலை வைக்கக் கூடாது. டார்க் ரெஞ்ச் வந்த பிறகு அதை நட்டைக் கழற்ற உபயோகிப்பதும் கூடாது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்கணும்.

ஜாக்கிக்கு வந்தால், வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. செங்கல் அடுக்குகிறார்கள், அது பொடிந்துவிடும். ஸ்டாண்ட் இரண்டு வாங்கியே ஆகணும். அதற்காகப் பாக்ஸ் செட்டை அடுத்த மாசம் தள்ளிப்போட்டாலும் சரி. உயிரோடு இருந்தால்தானே கடன் கட்ட முடியும்?

பேட்டரி கார்கள் இப்போது வருகின்றன. அதில் ஆரஞ்சு நிற வயர் இருக்கும். பிளேயர் கைப்பிடியில் போட்டிருக்கும் சாதாரண பிளாஸ்டிக் உறையை நம்பி அதைத் தொடக் கூடாது. 1000 வோல்ட் முத்திரை போட்ட டூல்ஸ், கையுறை, முறையான பயிற்சி மூன்றும் இல்லாதவன் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எங்கே வாங்குவது? பாகூர்க்காரருக்கு ஒரு பக்கம் கடலூர், மறுபக்கம் பாண்டிச்சேரி. புது ஸ்பேனருக்கு பில் போட்டு, வளைந்தால் மாற்றித் தருகிற கடை எதுவோ அங்கே. பழையது வேண்டுமானால் பாண்டிச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை இருக்கிறது. பழைய சாமான்களைத் தரையில் பரப்பியிருப்பவர்களிடம் ஸ்பேனர் கிடைத்தால் எடுத்துப் பார்க்கலாம். சுத்தியலுக்கும் உளிக்கும் பழசு தாராளமாகப் போதும். ஓப்பன் ஸ்பேனர் பழசாக வாங்கினால் அந்த மூன்று போல்டையும் மறக்காமல் கொண்டு போகவும். வாய்க்குள் பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் அது ஏற்கெனவே வேறொருவரின் நட்டுகளை மழுக்கி முடித்த ஸ்பேனர்.

வாங்கின கையோடு ஒவ்வொன்றிலும் ஒரு பெயிண்ட் புள்ளி வைத்துவிடணும். பக்கத்து ஷெட் அண்ணன் "தம்பி, அந்தப் பத்து-பதினொண்ணு கொஞ்சம் குடு" என்று எப்படியும் வருவார். இல்லை என்று சொல்ல முடியாது, நாளைக்கு அவருடைய புல்லர் தேவைப்படும். சாயந்திரம் ஷட்டரை இறக்கும் முன் போய் வாங்கிவர வேண்டியதுதான்.