கிராம்புத் தைலம் வைத்தால் ஈறு வீக்கம் போகுமா?

நம்ம தூத்துக்குடியில் வாரத்துக்கு நாலு பேராவது என்கிட்ட கேட்கிற கேள்வி இது. வைக்கலாம், தப்பில்லை. ஆனா அது எதைச் செய்யும், எதைச் செய்யாதுன்னு தெரிஞ்சு வைக்கணும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

நான் பல் டாக்டர் இல்லை, பொது மருத்துவர். சுகருக்கு வருகிறவர்களிடம் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். போன மாசம் ஹார்பரில் லோடு ஏற்றுகிற ஒரு அண்ணாச்சி வந்தார். மாத்திரையை விடாமல் போடுகிறார், ஆனா மூணு மாசச் சராசரி 9க்குக் கீழே இறங்க மாட்டேங்குது. வாயைத் திறந்தால் கீழ்ப்பல் பின்பக்கம் முழுக்கக் காரை. ஈறு சிவந்து பஞ்சு மாதிரி இருக்கு. "ஒரு வருசமா தைலம் வச்சிட்டுத்தான் இருக்கேன் சார். வச்ச உடனே வலி கேட்டுருது" என்றார்.

வலி கேட்டது உண்மைதான். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால் என்கிற பொருள். அது நரம்பை மரத்துப்போகச் செய்யும், கிருமிகளையும் ஓரளவு அடக்கும். பல்லைத் தற்காலிகமாக அடைக்கிற ஒரு வகை சிமெண்டில் துத்தநாக ஆக்ஸைடோடு யூஜெனாலைக் கலந்து பல் டாக்டர்களே பயன்படுத்துகிறார்கள். (கிராம்புக்காக மலுக்குத் தீவுகளையே வளைத்து வைத்திருந்த டச்சுக் கம்பெனிதான் 1658ல் போர்ச்சுகீசியரிடமிருந்து நம்ம ஊரையும் முத்துக்குளிப்பையும் பிடித்தது. கிராம்புக்கும் நமக்கும் பழைய உறவு!)

கிராம்பு மட்டுமில்லை. ஓமத்தில் இருக்கிற தைமால், யூகலிப்டஸ் தைலத்தின் யூகலிப்டால், புதினா வகைச் செடிகளின் மென்தால் எல்லாம் இதே ரகம். இவற்றோடு மெத்தில் சாலிசிலேட்டையும் சேர்த்ததுதான் லிஸ்டரின் மாதிரியான வாய் கொப்பளிக்கும் மருந்தின் அடிப்படை. நிறைய ஆய்வு நடந்திருக்கு. தினமும் பல் துலக்குவதோடு இதையும் சேர்த்துக்கொண்டால் பல்லில் படிகிற அழுக்கும் ஈறு அழற்சியும் குறையும். "துலக்குவதோடு சேர்த்து" என்பதை ரெண்டு தடவை படிங்க. அதில் தைமால் 0.064 சதவீதம்தான். கடையில் வாங்குகிற குப்பித் தைலத்தை நேரா ஈறில் தேய்த்தால் ஈறு வெந்து வெள்ளையா உரியும்.

இப்போ முக்கியமான இடம். ஈறு வீக்கத்துக்குக் காரணம் பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில் படிகிற கிருமிப் படலம். 1965ல் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூணு வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் சரியானது. அந்தப் படலம் அப்படியே நின்று இறுகினால் காரை. நம்ம உப்பளத்துப் பாத்தியில் உப்பு இறுகுதே, கிட்டத்தட்ட அப்படி. இது எச்சிலில் இருக்கிற கால்சியம். எந்தத் தைலமும், வேப்பங்குச்சியும், உப்புத்தூளும் அதைப் பெயர்க்காது. கருவி வைத்துச் சுரண்டித்தான் எடுக்கணும்.

"கிளீன் பண்ணினா பல் ஆடும் சார்" என்பார்கள். பல் ஏற்கனவே ஆடிட்டுதான் இருந்திருக்கும், காரை முட்டுக்கொடுத்து மறைத்திருக்கும். அவ்வளவுதான்.

ஈறு நோயின் வஞ்சகம் என்னன்னா, பெரும்பாலும் அது வலிக்கவே வலிக்காது. அதனால் வலி நின்றதை வைத்து நோய் நின்றதுன்னு முடிவு பண்ணாதீங்க. துலக்கும்போது ரத்தம் வருதான்னு பாருங்க. பீடி, சிகரெட் குடிக்கிறவர்களுக்கு அந்த அடையாளமும் ஏமாற்றும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்குவதால் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் ரத்தம் குறைவாகத்தான் வரும். கரைந்த எலும்பு திரும்ப வளர்வது கஷ்டம்.

சர்க்கரைக்கும் இதற்கும் ரெண்டு வழிப் பாதை. சுகர் கூடினால் ஈறு கெடும், ஈறு அழற்சி நீடித்தால் சுகர் இறங்காது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூணு நாலு மாசத்தில் அந்தச் சராசரி சுமார் 0.4 குறைந்ததாக ஆய்வுகள் சொல்லுது. ஒரு மாத்திரை சேர்க்கிறதுக்குப் பக்கத்தில் வருகிற கணக்கு. அண்ணாச்சியை மாத்திரை கூட்டாமல் முதலில் பல் பிரிவுக்குத்தான் அனுப்பினேன். ரெண்டு தடவை போயிட்டார், மூணாவது பாக்கி.

கடலில் தங்கித் தொழில் பார்க்கிற தெரேஸ்புரத்துத் தம்பிமாருக்கு: நடுக்கடலில் பல் வலித்தால் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் ஒரு துளி கிராம்புத் தைலம் கலந்து, பஞ்சில் தொட்டு, வலிக்கிற பல்லில் வைங்க. வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில் கொப்பளிங்க. கரைக்கு வந்ததும் பல் டாக்டரைப் பாருங்க. தாடை வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கக் கஷ்டமானாலோ போட்டைத் திருப்புங்க. ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்து உடம்பில் அங்கங்கே கன்றிப்போனால் அது பல் சமாச்சாரம் மட்டுமாக இருக்காது, உடனே ரத்தப் பரிசோதனை வேணும்.

அப்புறம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கிராம்பு, யூகலிப்டஸ் தைலக் குப்பியை எட்டாத உயரத்தில் வைங்க. ஒன்றிரண்டு டீஸ்பூன் உள்ளே போனாலே வலிப்பு, ஈரல் பாதிப்பு வரலாம். குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. குப்பியையும் கையோடு எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க.