தோட்டத்துத் தச்சருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பாஸ் மாமா,

உங்களுக்கு நேரில் சொல்லாமல் விட்ட நன்றியை ஊரறியச் சொல்கிறேன். மலையகத் தோட்டங்களில் உங்களைப் போன்ற தச்சர்கள் இருந்தார்கள். ஸ்டோர் கதவையும் லயத்துக் கூரையையும் பழுது பார்த்த கையோடு, பிள்ளைகளுக்குக் கட்டை வண்டியும் செய்து கொடுத்தார்கள். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் அந்த வேலைக்குப் பேர் போட்டதில்லை. இந்த மடல் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சித்திரை வந்தால் நுவரெலியாவில் கார் ரேஸ். மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ரதல்லவிலும் அப்படியொன்று உண்டு. இரண்டும் தேயிலை மலையில் வளைந்து ஏறுகிற ரோட்டில்தான். அந்தச் சத்தம் காதில் விழுந்த நாளிலிருந்து லயத்துப் பையன்களுக்கெல்லாம் கார் வேண்டும். கடையில் வாங்க வீட்டில் காசு ஏது? நீங்கள்தான் தச்சுப் பட்டறை வாசலில் எங்களை உட்கார வைத்து, ஆளுக்கொரு கட்டையைக் கையில் கொடுத்தீர்கள்.

எல்லாமே தோட்டம் கழித்துப் போட்ட சாமான். உடம்புக்குத் தேயிலைக்கு நிழல் கொடுக்கிற சவுக்கு மரத்தின் துண்டு. அச்சுக்கு உடைந்த குடைக்கம்பி. சில்லுக்குக் கவ்வாத்து மலையில் வெட்டிப் போட்ட தேயிலை மிலாறு, அதிலும் நல்ல தடித்த தூராகப் பார்த்து.

அந்தச் சில்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பச்சை மிலாறை வட்ட வட்டமாக அறுத்து வெயிலில் வைத்தால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெடித்துவிடும். மரம் காயும்போது அதன் வளையத்தின் சுற்று நிறையச் சுருங்குகிறது, நடுவிலிருந்து ஓரம் வரையான அகலம் அந்த அளவு சுருங்குவதில்லை. அதனால்தான் அந்த வெடிப்பு. நீங்கள் இதையெல்லாம் பாடமாக நடத்தவில்லை. வெடித்த சில்லைக் கையில் வைத்து, "எந்தப் பக்கமா வெடிச்சிருக்குன்னு பாரு" என்றீர்கள். பார்த்தோம். பிறகு மிலாறை அறுக்காமல் முழுசாகவே அடுப்புக்கு மேலே அட்டலில் போட்டு நாள்கணக்கில் காயவிட்டோம். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நடுவில் துளை போட்டோம். துளை ஒரு நூல் விலகினாலும் வண்டி நொண்டும்.

சில்லு சிக்காமல் சுற்ற வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்தவனை நீங்கள் தடுத்தது நினைவிருக்கிறது. தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாக் குளிரில் அது அச்சைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் ஊசியைச் சுரண்டி அந்தக் கரித்தூளைத் தடவச் சொன்னீர்கள். ஸ்டோரில் கழித்த இரும்பு நட்டைப் பின்பக்கம் அடியில் பதிக்கச் சொன்னதும் நீங்கள்தான். சரிவில் நிற்கும்போது அந்தப் பாரம் உயரத்தில் இருக்கும். இறங்கும்போது அதுவே வேகமாகிவிடும்.

வண்டிக்கு நிறம் பூசிய நாளைப் பற்றி எழுதத்தான் இந்த மடலையே தொடங்கினேன். லயத்துச் சுவருக்கு என்ன நிறம் என்று எங்களிடம் யாரும் கேட்டதில்லை. காம்பராவின் அளவு, கதவு, கூரை எல்லாம் எவரோ முடிவு செய்தது. நீங்கள் கோயில் வேலையில் மிஞ்சிய பெயின்ட் டின்களை வரிசையாக வைத்து, "ஒனக்கு என்ன கலரு வேணும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டீர்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. நீங்கள் அவசரப்படுத்தவும் இல்லை. ஒருத்தன் கொழுந்து லொறி மாதிரி பச்சை அடித்தான். இன்னொருத்தன் ஹட்டன் பஸ்ஸைப் போலச் சிவப்பு அடித்து, முன்னால் அம்மா பெயரை எழுதினான். தேயிலைப் பெட்டிக்குள் அப்போது இருந்த ஈயத்தாளை வெட்டி எல்லாரும் லைட் ஒட்டினோம். நான் கடைசியில் மஞ்சள் எடுத்தேன்.

என் தங்கச்சியும் வந்து நின்றாள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு உளி?" என்று பக்கத்து லயத்து ஆயா கேட்டார். நீங்கள் பதில் சொல்லவில்லை. சின்ன உளியாகப் பார்த்து அவள் கையில் கொடுத்து, பிடியைச் சரிசெய்தீர்கள். அதற்கு ஒரு தனி நன்றி, மாமா.

பிற்பாடு ஒரு செய்தி படித்தேன். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில், டான் மர்பி என்ற தகப்பனாருக்குப் பத்து வயது மகன். சரிவில் உருட்டிவிடும் பெரிய பெட்டி வண்டிகளில் உட்கார்ந்து ஓட்டும் பந்தயத்துக்கு அவனுக்கு வயது போதவில்லை. தகப்பன் ஏழு அங்குல நீளப் பைன் மரக் கட்டையில் சிறிய கார்ப் பந்தயத்தை உருவாக்கி, 1953இல் குருளைச் சாரணர்களுக்கு நடத்தினார். பிள்ளையும் பெரியவரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். இன்றைக்கும் அமெரிக்கா முழுக்க அந்தப் பந்தயம் நடக்கிறது. படிக்கும்போது உங்கள் ஞாபகம்தான் வந்தது. அவரைப் பற்றிப் புத்தகங்களில் இருக்கிறது. உங்களைப் பற்றி நான்தானே எழுத வேண்டும்?

இப்போது நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் வருகிற சித்திரை லீவுக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கட்டைக் கார் செய்யக் கற்றுக்கொடுக்கப் போகிறோம். குடைக்கம்பி சேர்ந்துவிட்டது. மிலாறு அட்டலில் காய்கிறது. அது காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்துச் சொல்ல நீங்கள் வேண்டும். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். தங்கச்சியும் மகளோடு வருகிறாள். அந்தச் சின்ன உளி இன்னும் இருந்தால் மறக்காமல் எடுத்துவாருங்கள்.

இப்படிக்கு,
அன்று மஞ்சள் எடுத்தவன்